எட்டு நிமிடமா, ஆறே முக்காலா?

ட்ரை-எக்ஸ் 400 பிலிமை டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்? பழைய ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் எட்டு நிமிடம் என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் கழுவிய அந்தப் பிலிம்தான் இப்போது கடையில் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் கருப்பு-வெள்ளை பிலிம் தயாரிப்பை ராச்செஸ்டரிலேயே வேறொரு பூச்சு ஆலைக்கு மாற்றியது. பெட்டியில் ட்ரை-எக்ஸ் என்ற பெயர் அப்படியே நின்றது. பிலிம் ஓரத்துக் குறி 400டிஎக்ஸ் ஆனது, நேரம் 6¾ நிமிடமாகக் குறைந்தது. எச்.சி.-110 டெவலப்பரின் பி கலவையிலோ 7½ நிமிடம் சரிபாதியாகி 3¾-க்கு வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ‘மாசிவ் டெவ் சார்ட்’ செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டும். பிலிம், டெவலப்பர், கலவை, ஐஎஸ்ஓ நான்கையும் தேர்ந்தெடுத்தால் நேரம் வந்துவிடும். டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்சர் என்று வரிசையாக ஓடும் கடிகாரமாக இதற்கு முழு மதிப்பெண் தரலாம். டாங்கை எப்போது கவிழ்க்க வேண்டும் என்று அதுவே நினைவூட்டுகிறது. ஈரக்கையோடு சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் வேலை மிச்சம். திரையைச் சிவப்பாக்கும் வசதி பிரிண்ட் போடும்போது உதவும். ஆனால் பிலிமை ரீலில் சுற்றும்போது அந்தச் சிவப்பையும் நம்பக் கூடாது. இந்தப் பிலிம்களுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். போனை வெளியே வைத்துவிட்டு இருட்டில் சுற்றுங்கள்.

நேரத்தைச் சொல்லும் இடத்தில்தான் எனக்குத் தயக்கம். பட்டியலில் தயாரிப்பாளர் தந்த நேரமும் பயன்படுத்துவோர் அனுப்பிய நேரமும் கலந்தே இருக்கின்றன. எந்த வருடத்துப் பிலிம், டாங்கை எப்படிக் கவிழ்த்தார்கள் என்பது தெரியாமல் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோடாக் முறையில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை டாங்கைக் கவிழ்க்க வேண்டும். இல்ஃபோர்டு முறையில் ஒவ்வொரு நிமிடத்தின் முதல் பத்து நொடியில். ஒன்றின் நேரத்தை மற்றதன் கைப்பழக்கத்தோடு சேர்த்தால் விடை மாறிவிடும்.

ஒன்றே கால் நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நிழல் பகுதி பெரிதாக மாறாது. அது படம் எடுக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வெளிச்சப் பகுதிதான் கழுவக் கழுவ அடர்ந்துகொண்டே போகும். உச்சி வெயிலில் எடுத்த வெள்ளை வேட்டியின் மடிப்புகள் நெகட்டிவில் ஒரே கரியாகிவிட்டால், பிரிண்டில் அவற்றை வரவழைக்கப் பாடுபட வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரின் சூடு இன்னொரு சிக்கல். செயலி வெப்பநிலைக்கேற்ப நேரத்தைக் கணக்கிட்டுத் தருகிறது, கணக்கும் ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் கோடாக்கின் தகவல் தாளின்படியே இதே ட்ரை-எக்ஸுக்குத் தண்ணீர் கலக்காத டி-76-இல் 24 டிகிரியில் 4¾ நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் சீராகக் கழுவப்படாமல் போகலாம் என்று எச்சரிப்பதும் அதே கோடாக்தான். ஆகவே கோடையில் டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்துகொள்வதே நல்லது. 20 டிகிரியில் அதற்கு 9¾ நிமிடம். ஐஸ் கட்டி வைத்துக் கொஞ்சம் குளிர்வித்தால் நேரம் தாராளமாகக் கையில் நிற்கும்.

மறுபடி பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். டி-மேக்ஸ் 400 பிலிமை மாற்றியபோது இதே கோடாக் டிஎம்ஒய்-2 என்று குறி போட்டது. ஃபியூஜியும் 2019-இல் ஏக்ராஸ் பிலிமைத் திரும்பக் கொண்டுவந்தபோது பெயரிலேயே இரண்டைச் சேர்த்தது. வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை அது. ட்ரை-எக்ஸுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

செயலியை வாங்கலாம், கடிகாரத்துக்காக. நேரத்தைத் தயாரிப்பாளரின் இப்போதைய தகவல் தாளிலிருந்து எடுத்து, சொந்த நேரமாக அதில் பதிந்துகொள்ளுங்கள். ஒரே காட்சியை ஒரு ரோல் முழுக்க எடுத்து, இருட்டில் மூன்றாக வெட்டி, தாளில் உள்ள நேரத்திலும் அதற்கு முன்னும் பின்னுமாகத் தனித்தனியே கழுவிப் பாருங்கள். மூன்றையும் ஒரே கிரேடு பேப்பரில் போட்டால், உங்கள் என்லார்ஜருக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். பதியும்போது பிலிம் ஓரத்துக் குறியையும் சேர்த்தே எழுதுங்கள்.