தறியும் கைபேசியும்

மதுரையின் சௌராஷ்டிர வீடுகளில் கைபேசியைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் குறைகள் இரண்டு. மகன் விளையாடியே பொழுதைப் போக்குகிறான். மகள் நம் பேச்சையே மறந்துவிடுவாள். முதல் குறை எல்லா வீடுகளிலும் கேட்பதுதான். இரண்டாவதில் ஒரு சமூகத்தின் நெடுநாள் அச்சம் இருக்கிறது. அது ஏன் மகள்மேல் போய் விழுகிறது?

குஜராத் பகுதியிலிருந்து பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய நெசவாளர் மரபு இவர்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், கடைத்தெருவில் தமிழ். மிச்சமிருப்பது வீடு மட்டும்தான். ஆகவே மொழியைக் காப்பதும் மற்ற வீட்டு வேலைகளைப் போலப் பெண்ணின் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிள்ளை தமிழில் பதில் சொன்னால், 'நீ என்ன சொல்லிக் கொடுத்தாய்?' என்ற கேள்வி தாயிடம்தான் வருகிறது. நாள் முழுக்கத் தமிழில் வியாபாரம் பேசிவிட்டு வரும் தந்தையிடம் அந்தக் கேள்வி போவதில்லை.

வீட்டுக்குள் இயந்திரம் இருப்பது இவர்களுக்குப் புதிதல்ல. கூடத்தை அடைத்துக்கொண்டு தறி இருந்தது. ஆண் தறியில் உட்கார்ந்தான். பெண்கள் நூல் இழைத்தார்கள், தார் சுற்றினார்கள். கூலி தறிக்காரர் பெயரில் வந்தது. சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவையும் பெண்விரல்களே. 2005இல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புகழ் ஊருக்குச் சேர்ந்தது. தறியடியிலும் முடிச்சிலும் பெண் எத்தனை மணிநேரம் குனிந்திருந்தாலும் அவள் கெட்டுப்போவாள் என்று யாரும் கவலைப்படவில்லை. அந்த நேரம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கைபேசியில் அவள் செலவிடும் நேரம் அவளுக்குச் சொந்தம். உறுத்துவது இதுதான்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பல வீடுகளில் மகளின் பெயரில் வந்த முதல் இயந்திரம் அதுவாக இருந்தது. ஆனால் பெயர் அவளுடையதானாலும் கடவுச்சொல் அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கைபேசிக்கும் அதே விதிதான். 'மொழி போய்விடும்' என்பது அந்தக் கண்காணிப்புக்கு மரியாதையான பெயர்.

பெற்றோரின் அச்சம் முழுப் பொய்யல்ல. குழந்தை பார்க்கும் கார்ட்டூன் சௌராஷ்டிரத்தில் பேசுவதில்லை. சிறுமொழிக்குத் திரையில் இடம் குறைவு. ஆனால் கருவியைப் பறித்தால் அந்த இடம் கூடிவிடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி. எம். ராமராய் சௌராஷ்டிர எழுத்தில் பாடநூல்கள் அச்சிட்டார். 2008இல் அந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. அப்படியும் பல வீடுகளில் பெண்கள் அதைப் படிக்கக் கற்றதில்லை. இன்று சித்தி மகளுக்கு வாட்ஸ்அப்பில் தமிழ் எழுத்தில் சௌராஷ்டிரம் தட்டுகிற பெண்ணும், ஊரிலிருக்கும் பாட்டிக்கு அதில் குரல்செய்தி அனுப்புகிற பெண்ணும் அந்த மொழியில்தான் வாழ்கிறார்கள். பெற்றோர் காதில் அது 'எப்போதும் ஃபோன்' என்று மட்டுமே விழுகிறது.

மொழி பிழைக்க வேண்டுமென்றால் மகனும் அதில் பேச வேண்டும், தந்தையும் பேச வேண்டும். பாட்டியின் கதைகளைப் பதிவுசெய்ய மகளுக்கு ஒரு கைபேசி வேண்டும். அதன் கடவுச்சொல் அவளிடமே இருக்கட்டும்.