ஐயமும் தேராத் தெளிவும்

ஐயம் நம்பிக்கைக்குப் பகை என்று கூறுவார் பலர். எதனையும் ஐயுற்றுக்கொண்டே இருத்தல்தான் அறிவுடைமை என்று கூறுவாரும் உளர். இவ்விரு சாராரும் மணிமேகலையின் 27ஆம் காதையை ஒருமுறை ஊன்றிப் படித்தல் நன்று.

'சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை' எனப்படும் அப்பகுதியில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்டறிகின்றாள். முதலிற் பேசும் அளவைவாதி, அறிவுக்கு நேரும் குற்றங்கள் எட்டினை அடுக்குகின்றான். அவற்றுள் ஐயமும் ஒன்று; அதனை அடுத்தே 'தேராது தெளிதல்' வருகின்றது. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு ஒரே தறிதான். எதிரே நிற்பது தறியா, மனிதனா எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் எனத் துணிவது தேராது தெளிதல்.

இரண்டும் குற்றமெனின், இரண்டும் ஒரே நிறையினவா? அல்ல என்பதே நம் கருத்து. ஐயுறுவோன் நான்கடி முன்சென்று பார்க்கலாம். அவன் குற்றத்துக்கு மருந்து அவனிடமே உண்டு. தேராது தெளிந்தவனுக்கோ நெருங்கிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே தோன்றாது. அவன் தறியை வணங்குவான். அன்றேல் அஞ்சி ஓடுவான். பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டென்பது நம் சமுதாயம் இவ்வாறு வணங்கிய தறிகளுள் ஒன்று.

எனினும், ஐயம் வழியேயன்றித் தங்குமிடமன்று. ஆராயாது நம்புதலைக் கண்டித்த வள்ளுவர், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் அதே குறளிற் (510) கண்டிக்கின்றார். கண்ணெதிரே அநீதி நிகழவும், 'இன்னும் ஆராயவேண்டும்' என்று ஒதுங்கிக்கொள்ளும் கற்றோர், தறியைச் சுற்றிச்சுற்றி வருபவரே. அவர்தம் ஐயம் அறிவின்பாற்பட்டதன்று, அச்சத்தின்பாற்பட்டது.

காப்பியத்தின் எல்லையையும் நாம் காணாதிருத்தல் ஆகாது. காட்சியையே பெரிதும் நம்பும் பூதவாதியை மணிமேகலை நகைக்கின்றாள். தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என மடக்குகின்றாள். கூர்மையான வினா அது. ஆனால், தன் முற்பிறப்பை அறிந்ததாக அவள் கொள்ளும் உறுதியை எவ்வளவையால் அளப்பது? அறவண அடிகள் முன்னிலையில் அவள் மறுவினா எழுப்புவதாகச் சாத்தனார் காட்டவில்லை. பிறர் கொள்கைகளைத் துருவிய கேள்வி, தன் ஆசானிடம் வந்ததும் ஓய்ந்துவிடுகின்றது. சமயப் பரப்புதலை நோக்காகக் கொண்ட காப்பியத்தில் இது வியப்பன்று. ஆயினும், நாம் அதனைப் பின்பற்றவேண்டுவதில்லை.

அளவைவாதி கூறிய எட்டுக் குற்றங்களையும் மனனஞ்செய்து விடைத்தாளில் ஒப்புவிக்கும் மாணவன், அவ்வெட்டனுள் ஒன்றைத் தானே புரிகின்றான். அதற்குப் புள்ளியும் வழங்கும் கல்விமுறையே இங்கு விசாரணைக்குரியது. பழந்தமிழ் நூலைப் போற்றுதல் என்பது அது தந்த அளவுகோலைக் கையில் எடுத்தலாகும். அதனால் அந்நூலையும், ஆசிரியர் கூற்றையும், நாம் இங்கு எழுதியதையும் மாணவர் அளந்து பார்க்கட்டும். அளந்தபின் தெளிந்ததில் உறுதியாக நிற்கட்டும்.