புற்றுக்காளான்

சங்கரன்கோவிலில் கும்பிட வருபவர்கள் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் எடுத்துப்போவார்கள். தோல் நோய்க்கு மருந்து என்று நம்பிக்கை. எனக்கோ புற்று என்றாலே நாக்கு ஊறும். நல்ல மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கும் காளான், கறையான்கள் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தின் விளைச்சல். பால் காளானை மனிதர்கள் குடிலில் வளர்த்துவிட்டார்கள். இதற்குக் கறையான்தான் விவசாயி.

குடை விரியுமுன் பிடுங்கி, நீளக் காம்பின் மண்ணைச் சுரண்டி, நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் இடித்த மிளகும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, அதுவே விடும். கோழிக்கறி கிட்டே வராது. புரதமும் பி வைட்டமின்களும் உண்டு. வெயில் பட்டால் வைட்டமின் டியும் கூடும். பழகிய கண் இல்லாதவர்கள் மட்டும் பறிக்க வேண்டாம். சில காளான்களின் நஞ்சு எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போகாது.