கைமாறும் அழகு

அறுவை அரங்கச் செவிலியர் மாநாட்டுக்குப் போகிறவர்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குத்துவிளக்கும் பொன்னாடையும் எல்லா மாநாட்டிலும் உண்டு. பயிலரங்கு நடக்கும் பக்கத்து அறைக்குள் நுழைய வேண்டும். அங்கே நோயாளியும் இல்லை, ரத்தமும் இல்லை. கைவேலை மட்டும் தனித்து நின்று தன்னைக் காட்டுகிறது. அறுவை அரங்குக்குள் இதை ரசிக்க யாருக்கு நேரம்?

மூத்த சிஸ்டர் ஒருவர் நீடில் ஹோல்டரை எடுத்துக் கொடுத்துக் காட்டுகிறார். வளைந்த ஊசியை, நூல் சேரும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கவ்வியிருக்கிறது கருவி. வாங்குபவர் வலக்கைக்காரர் என்றால் ஊசியின் கூர் இடப்பக்கம் பார்க்கும்; இடக்கைக்காரர் என்றால் திரும்பிக்கொள்ளும். நூல் உள்ளங்கையில் சிக்காதபடி மறுகை அதை ஒதுக்கிப் பிடிக்கிறது. பிறகு விரிந்த உள்ளங்கையில் ஓர் அழுத்தம். மெல்ல வைத்தால் 'வந்துவிட்டதா' என்று கண் தேடும். ஓங்கி வைத்தால் கை வலிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு 'டப்'. பாடகர் வந்து சேருமுன்பே மிருதங்கம் அந்த இடத்தில் நிற்பதுபோல, கேட்கும் முன்பே கருவி வந்து நிற்கிறது. வாங்கியவர் பிடியை மாற்றாமல், தலையைத் திருப்பாமல் அடுத்த தையலைப் போடலாம்.

கத்தி மட்டும் கைக்குக் கை போவதில்லை. கிட்னி ட்ரேயில் படுக்க வைத்து, "நைஃப்" என்று வாய்விட்டுச் சொல்லி நகர்த்துகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை கூர்முனையில் இருக்கக் கூடாது. அதுவரை தடையில்லாமல் ஓடிய தாளம் அங்கே வேண்டுமென்றே அறுபடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடைவெளிதான்.

அடுத்த மேசையில் ரத்தம் ஒற்றும் 'மாப்' துணிகளை எண்ணுகிறார்கள். எண்ணுவதில் என்ன நயம் என்று தோன்றும். ஐந்து துணி கொண்ட கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் உதறி, இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்து, எக்ஸ்ரேயில் தெரியும் நீலக்கோடு இருக்கிறதா என்று பார்த்து, கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும் சுற்றி நின்று உதவும் சர்குலேட்டிங் நர்ஸும் ஒரே குரலில் எண்ணுகிறார்கள். ஒருவர் எண்ணி மற்றவர் தலையாட்டுவது கணக்கில் சேராது. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தக் கட்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் கடைசிக் கட்டத்திலும், கணக்கு முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் செவிலியர்தான். எவ்வளவு பெரிய சர்ஜனானாலும் அந்தச் சொல்லுக்குக் காத்து நிற்கவேண்டும்.

மாநாட்டுக் கண்காட்சிக் கடைகளில் பெரும்பாலானவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கையுறைக் கடையில் மட்டும் நிற்கவேண்டும். ஏனென்றால் அறுவைக்கான ரப்பர் கையுறையே ஒரு செவிலியரின் கைக்காகப் பிறந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனுக்கு, கிருமி கொல்லும் பாதரசக் குளோரைடு கரைசல் பட்டுப்பட்டுக் கை புண்ணானது. 1889-90 குளிர்காலத்தில் சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்வித்தார். 1890-இல் இருவருக்கும் கல்யாணம். மோதிரத்துக்கு முன்னால் கையுறை வந்த காதல்! கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

இன்றைய கடையில் இரட்டைக் கையுறை. உள்ளே அடர் பச்சை, மேலே வெளிர்நிறம். மேலுறையில் துளை விழுந்து ஈரம் புகுந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். விற்பனைக்காரர் இதை விவரித்துக்கொண்டே இருக்கிறார். சிஸ்டர்கள் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டு கட்டைவிரலை ஒவ்வொரு விரல்நுனியிலும் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் தன் புடவை முந்தானையிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, கையுறை விரலால் கிள்ளி எடுக்க வருகிறதா என்று சோதிக்கிறார். வருகிறது. "சரி தம்பி, நாலு மணி நேரம் வேர்த்த பிறகு இதைக் கழட்ட முடியுமா?" என்கிறார். தம்பி விளம்பரத் தாளைப் புரட்ட ஆரம்பிக்கிறார்.