உம்மம்மாவின் பன்பாய்

ஏறாவூரிலே ஒரு குடும்பத்தின் நெடிய சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், அவ்வீட்டு உம்மம்மா, அதாவது தாய்வழிப் பாட்டி, இழைத்த பன்பாயைச் சற்றுக் கூர்ந்து நோக்கினாலே போதும் என்பது என் அபிப்பிராயம். நீர்நிலையோரத்துப் பன் என்னும் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, வேண்டியவற்றைச் சாயத்தில் காய்ச்சி, காலை நீட்டியமர்ந்து தறியேதுமின்றி விரல்களாலேயே இழைத்து, ஓரம் மடக்கி முடிப்பதற்குள், பேரப்பிள்ளைகளின் வழக்குகள் யாவும் அவர் சந்நிதியில் தீர்ப்புப் பெற்றுவிடும், மேன்முறையீடு கிடையாது.

மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், குடிப்பெயர் தாய்வழியே இறங்குவதும், வீட்டை மகளுக்குச் சீதனமாக ஈவதும் மட்டக்களப்புப் பிரதேசத்துச் சம்பிரதாயமாகையால், அவ்வில்லத்தின் பிரதான ஸ்தானம் அவருடையதே. 1990 ஆகஸ்டில் இவ்வூரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், ஆண்துணை இழந்த இல்லங்களைத் தாங்கி நின்ற மூதாட்டிகளின் தைரியத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

இன்று பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவுவதும் சுலபம். ஆயினும் சித்திரை வெயிலில் அதிற் படுத்தால் முதுகு வியர்க்கும்; பன்பாயில் அந்த உபத்திரவம் இல்லை.