முப்பது மடங்கு

சின்ன இணையதளங்களை வாங்கி விற்கும் சந்தைகளில் விலை போடுவது ரொம்ப எளிய கணக்கு. கடந்த 12 மாத லாபத்தின் மாதச் சராசரியை எடுத்து ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 20ஆக இருக்கலாம், நல்ல காலத்தில் 40 வரை போகலாம். மாதம் 200 டாலர் தரும் தளத்துக்கு 30 மடங்கு என்றால் 6,000 டாலர். அவ்வளவுதான்.

ஃப்ளிப்பா மாதிரியான சந்தைகளில் இந்த விற்பனை விளம்பரங்களைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வருமானம், வருகையாளர் எண்ணிக்கை, டொமைனின் வயது, எத்தனை பேக்லிங்க் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். எழுத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான்: மொத்தம் எத்தனை கட்டுரைகள்.

ஆனால் எழுத்தைப் பற்றிய மறைமுகமான கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தளம் உரிமையாளரின் பெயரையும் முகத்தையும் நம்பி நிற்கிறதா? ஆமாம் என்றால் மடங்கு குறையும். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான், ஆளையும் சேர்த்து வாங்க முடியாதே. இதையே எழுத்தின் பக்கம் நின்று பார்த்தால், எழுதியவர் எவ்வளவு குறைவாகத் தெரிகிறாரோ அவ்வளவு நல்ல விலை. உரைநடைக்கு இப்படியொரு மதிப்பீட்டு முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீஷ் சைட் என்று இவற்றைச் சொல்வார்கள். ஏர் ப்யூரிஃபையர், மீன்தொட்டி, முகாம் கூடாரம் என்று ஒரே ஒரு குறுகிய பொருள். அதைப் பற்றி ஆட்கள் கூகுளில் தட்டுகிற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் நடுவே விளம்பரம், அல்லது அமேசானுக்கு ஒரு சுட்டி. அமேசானின் கமிஷன் திட்டம் 1996இலேயே வந்துவிட்டது. கூகுளின் ஆட்சென்ஸ் 2003இல் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழு எழுத்து வகையையே பெற்றுப் போட்டன.

அந்த வகைக்கென்று இலக்கணமும் உண்டு. தலைப்பே கேள்வியாக இருக்கும். முதல் பத்தி அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும். பதில் தள்ளிக்கொண்டே போகும், ஏனென்றால் கீழே உருட்ட உருட்டத்தான் விளம்பரம் தெரியும். குறைகள் என்றொரு பட்டியல் கட்டாயம் இருக்கும். அதில் 'இந்த நிறம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்' என்று எழுதியிருப்பார்கள். பொருளைக் கையால் தொடாதவன் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே குறை அது.

இந்த வகை இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றில்லை. 2011 ஜனவரியில் ஈஹவ் தளத்தை நடத்திய டிமாண்ட் மீடியா பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிகமாக இருந்தது. எதைத் தேடுகிறார்கள் என்பதை நிரல் கணக்கிடும், அதற்கேற்ற கட்டுரையைச் சொற்பக் கூலிக்கு யாரோ எழுதித் தருவார்கள். அடுத்த மாதமே கூகுளின் பாண்டா மாற்றம் வந்து அந்தக் கோட்டையைச் சரித்தது. அதே 2011இல் பிரையன் லாம் வயர்கட்டரைத் தொடங்கினார். பொருட்களை உண்மையாகவே சோதித்துப் பார்த்து, பெரும்பாலும் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைத்து, ஏன் என்று பக்கம் பக்கமாக விளக்கினார்கள். 2016இல் அதை ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கியது அதே நியூயார்க் டைம்ஸ். நீஷ் சைட்கள் பலவற்றைப் போலவே அதன் வருமானமும் பெரும்பாலும் அமேசான் போன்ற கடைகளின் சுட்டிகள் வழியாகத்தான் வந்தது. வித்தியாசம் எழுதியவர்களின் கையில் இருந்தது.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு முழுசாகக் கிடையாது. நானும் ஒன்று கட்டினேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்களுக்காக, 110 வோல்ட் வெட் கிரைண்டர் பற்றி, ஆங்கிலத்தில். மொத்தம் 42 பக்கங்கள். அவற்றில் 41 பக்கங்களை மற்ற தளங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். மீதி ஒன்று, மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே டிரம் நின்றுபோய் மோட்டார் மட்டும் ஓடுவதைப் பற்றி. அம்மாவின் கிரைண்டரைக் கவிழ்த்து, அடி மூடியைக் கழற்றி, தளர்ந்த பெல்ட்டை மாற்றிய அன்று ராத்திரியே எழுதியது. அதிகம் படிக்கப்பட்டதும் அதுதான்.

விற்கப் போனபோது வாங்குகிறவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். என் புகைப்படத்தை எடுத்துவிட்டு, 'நான்' வரும் இடங்களில் எல்லாம் 'நாங்கள்' என்று மாற்ற வேண்டும். மாற்றினேன், நானே உட்கார்ந்து. 'என் அம்மாவின் கிரைண்டர்' என்பது 'எங்கள் குழு சோதித்த கிரைண்டர்' ஆனது. ஒரு மணி நேர வேலைகூட இல்லை. பணம் வந்தது, வீட்டுக்கடனில் கொஞ்சம் அடைந்தது. அந்தப் பணத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். எழுதிச் சம்பாதிப்பது கேவலம் என்கிற பாவனையில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தது என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. 2020 ஏப்ரலில் அமேசான் கமிஷனை வெட்டியது. அறைகலன்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. யாரும் எழுதாத மாதிரி எழுத ஆயிரக்கணக்கானோர் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள், உண்மையிலேயே யாரும் எழுதாத எழுத்து ஒரு நொடியில் கிடைத்தது. எதிர்த்து நிற்க இவர்கள் கையில் ஒன்றுமில்லை. எழுதுகிறவனுக்கு விலை இல்லை என்று சந்தை ஏற்கெனவே சொல்லியாயிற்று, இயந்திரம் வந்து அந்தக் கணக்கை நேர்செய்தது.

இதை நீதிக் கதையாக முடிக்கவும் முடியாது. அதே 2022 டிசம்பரில்தான் கூகுள் தன் மதிப்பீட்டு வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற அளவுகோலைச் சேர்த்தது. ஆனால் ஏர் ப்யூரிஃபையர்களைத் தாங்களே சோதித்து எழுதிய ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற சிறிய தளம், சோதிக்காமலேயே பரிந்துரைக்கும் பெரிய பத்திரிகைகள் தேடலில் தங்களைக் கீழே தள்ளிவிட்டதாக 2024 பிப்ரவரியில் விரிவாக எழுதியது. நேர்மையாக எழுதினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தரமாட்டேன்.

என்னால் முடிவது ஒரு வாசகனின் மதிப்பீடு மட்டும். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, அந்த வேலையைச் செய்து பார்த்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். பழைய பெல்ட்டின் கறுப்புப் பொடி கையில் ஒட்டினால் சீக்கிரம் போகாது என்பது போல ஏதாவது. அப்படி ஒன்று இருந்தால் எனக்கு அது எழுத்து, கிரைண்டரைப் பற்றி இருந்தாலும்.

அந்தப் பெல்ட் பக்கத்தைப் படித்துவிட்டு நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். ஸ்க்ரூடிரைவர் பிடித்ததே இல்லையாம், தானே கழற்றி மாட்டிவிட்டாராம், மறுநாள் காலை இட்லி. அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படிக்கலாம் என்றால் என்னிடம் இல்லை. தளத்தோடு சேர்த்து அதன் மின்னஞ்சல் பெட்டியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விலையில் அதற்குத் தனியாக ஒன்றும் போடவில்லை.