வாசலை ஏன் மாற்றினார்கள்?

என் பெரியப்பா தபால் இலாகாவில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயசுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டார். காலையில் காப்பி சாப்பிட்டதும் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, தாம் வேலை பார்த்த ஊர்களைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுவார். போன வருஷம் ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "எல்லாம் போச்சுடா. எழுதினதெல்லாம் போச்சு" என்றார். குரல் நடுங்கியது.

போய்ப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. இரவில் யந்திரம் தானாகவே ஓர் அப்டேட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் திறந்தபோது, வழக்கமாக வரும் படத்துக்குப் பதில் வேறு படம் வந்திருக்கிறது. இது தம்முடைய யந்திரமே அல்ல என்று பயந்து, சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் அவர் எழுதிய 300 பக்கங்களையும் திறந்து காட்டினேன். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எழுதினது இருக்கு, சரி. வாசலை ஏண்டா மாத்தினான்?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தவர்களிடம் விசாரித்தும் படித்தும் ஓரளவு தெரிந்துகொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கோடிக்கணக்கான ஜனங்கள் தினம் தவறாமல் பார்க்கிற படம் இது. எந்த நாவலின் முதல் பக்கத்துக்கும் அத்தனை வாசகர்கள் கிடைத்ததில்லை. அதை யாராவது விமர்சனம் செய்யத்தானே வேண்டும்?

1984 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட மாக்கின்டாஷிலிருந்து தொடங்கலாம். 9 அங்குலத் திரை, கறுப்பும் வெள்ளையும்தான். அதைத் திறந்தால் சிரித்த முகத்தோடு ஒரு குட்டி மாக்கின்டாஷ் படம் தோன்றும். சூசன் கேர் என்ற சித்திரக்காரர் வரைந்தது. யந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, வேலையைத் தொடங்கலாம் என்று கண்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு வரும். உள்ளே பழுது என்றால் சோக முகமும், அதன் கீழே பழுதின் குறியெண்ணும் வரும். தொடங்குவதற்கு வட்டு இல்லை என்றால் ஒரு கேள்விக்குறி மின்னும். மூன்று படங்கள், மூன்று செய்திகள். எழுத்தறியாத குழந்தைக்கும் விளங்கும். சிக்கனமான எழுத்துக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

2002 ஆகஸ்டில் மாக் ஓஎஸ் 10.2 வந்தபோது அந்தச் சிரித்த முகத்தை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் கம்பெனியின் ஆப்பிள் சின்னம் சாம்பல் நிறத்தில் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன்னது 'நான் நலம்' என்று சொல்லிற்று; பின்னது 'நான் இன்னாருடையவன்' என்று சொல்கிறது. நலம் எழுதிக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், திடீரென்று தம் விலாசம் அச்சிட்ட வெறுங்காகிதத்தை மட்டும் அனுப்பத் தொடங்கியது போன்ற மாற்றம் இது.

விண்டோஸின் சரித்திரம் வேறு மாதிரி. 1995இல் வந்த விண்டோஸ் 95, மேகம் மிதக்கும் வானத்தைக் காட்டியது. அடியில் ஒரு பட்டை ஓடும். உண்மையில் அங்கே எதுவும் ஓடவில்லை. நிறங்களின் வரிசையைச் சுழற்றிக் கண்ணை ஏமாற்றினார்கள். இயங்குதளம் அப்போது பாதிதான் விழித்திருக்கும் என்பதால், அதிக வேலை வாங்காத தந்திரமாகப் பார்த்துச் செய்தார்கள். அந்தப் படம் தனிக் கோப்பாக இருந்தது. வேண்டுமென்றால் அதை எடுத்துவிட்டுத் தன் குழந்தையின் படத்தை ஒருவர் வைத்துக்கொள்ள முடிந்தது. வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

2001இல் வந்த எக்ஸ்பியில் கறுப்புத் திரையில் மூன்று நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடின. எவ்வளவு வேலை முடிந்தது என்று அவை சொல்லவில்லை. 'உயிரோடு இருக்கிறேன், பொறுத்திரு' என்று மட்டும் சொல்லின. அந்தத் திரைக்கு வெறும் 16 நிறங்களே வாய்த்தன. காட்சியைக் கவனிக்கும் சிப்பை முழுதாக ஆளும் டிரைவர் அந்தக் கட்டத்தில் இன்னும் ஏறியிருக்காது. ஆகவே எல்லா யந்திரங்களுக்கும் பொதுவான பழைய முறையில்தான் வரைய முடிந்தது. பிறகு யந்திரங்கள் தேறின. 2009இல் விண்டோஸ் 7 நான்கு வர்ண ஒளிப்பொட்டுகளைப் பறக்கவிட்டு, அவை கூடிச் சின்னமாவதைக் காட்டியது. கருவி வளர்ந்ததால் சித்திரம் மாறிற்று. இது நேர்மையான காரணம்.

லினக்ஸில் இன்னொரு விதம். துவக்கத்துக்கு வேண்டிய சாமான்களை ஒரு சிறு மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். படமும் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும். இயங்குதளத்தின் கருப்பகுதி புதுப்பிக்கப்படும்போது மூட்டையைத் திரும்பக் கட்டுவார்கள். அப்போது நாம் ஆசையாக வைத்த படம் போய், அவர்களுடைய படம் வந்து உட்கார்ந்துவிடுவது உண்டு. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. வெள்ளையடிக்க வந்தவன் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டு, மாட்டும்போது வேறு ஆணியில் மாட்டுவதில்லையா, அதுபோல.

இரண்டாவது நேர்மையான காரணம், திருட்டு பயம். இன்றைய யந்திரங்கள் பலவற்றில் முதலில் தெரிவது தயாரித்த கம்பெனியின் சின்னம். இயங்குதளம் எழுந்திருப்பதற்கு முன்பே, பலகையில் பதிந்துள்ள மென்பொருள் அதைப் படித்துத் திரையில் போடுகிறது. அப்படிப் படிக்கும் பகுதியில் ஓட்டைகள் இருந்தன என்று பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் விவரமாக வெளியிட்டது. லோகோஃபெயில் என்று அதற்குப் பெயரும் வைத்தது. விஷமமாகத் தயாரித்த ஒரு சின்னத்தை அந்த இடத்தில் நுழைத்துவிட்டால், வீட்டுக்காரன் விழிப்பதற்கு முன்பே திருடன் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்! ஓட்டைகளை அடைக்க அப்டேட்டுகள் அனுப்ப வேண்டியிருந்தது. துவக்கக் கோப்புகளுக்கு இன்று அரக்கு முத்திரைபோல் ஒன்று வைத்து, முத்திரை பொருந்தாததை யந்திரம் ஏற்காதபடி செய்திருப்பதும் இந்தப் பயத்தால்தான். குழந்தையின் படத்தை வாசலில் மாட்டும் உரிமை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் வியாபாரம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, பழைய கொடிச் சின்னத்தை மாற்றினார்கள். வடிவமைத்தவர் பென்டகிராம் நிறுவனத்தைச் சேர்ந்த பாலா ஷெர். பெயர் ஜன்னல், சின்னம் மட்டும் ஏன் கொடி என்று அவர் கேட்டாராம். நல்ல கேள்வி. அப்படித்தான் கொடி போய் ஜன்னல் வந்தது. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்த ஜன்னலும் நிமிர்ந்து நான்கு சமச் சதுரங்களாயிற்று. அதற்கு என்ன அவசரம் என்று கேட்டால் பதில் சுலபம். அப்டேட் செய்யும் உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாது. அடைத்த ஓட்டையை யார் பார்க்கிறார்கள்? வாசலில் புதுக் கோலம் போட்டால்தான் வீடு புதிசாயிற்று என்று ஊர் நம்பும்.

இதை நான் குறை சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். என் நாவல் ஒன்றின் இரண்டாம் பதிப்புக்குப் பிரசுரகர்த்தர் புது அட்டை போட்டார். உள்ளே சில அச்சுப் பிழைகளைத் திருத்தியதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. புது நாவல் என்று எண்ணி வாங்கிய ஒரு வாசகர், 'முன்பே படித்த கதைக்கு இரண்டாம் தடவை காசு கொடுத்தேன்' என்று கடிதம் எழுதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அட்டையை மாற்றியது தப்பில்லை. 'இரண்டாம் பதிப்பு' என்பதை அவர் கண்ணில் படும் இடத்தில் போடாததுதான் தப்பு.

துவக்கத் திரை விஷயத்திலும் என் தீர்ப்பு அதுதான். மாறுவது குற்றமில்லை; வாய் திறக்காமல் மாறுவதே குற்றம். புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் காட்டுகிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் நடு ராத்திரியில் காட்டினால் யார் பார்ப்பது? பாதி விழித்த யந்திரத்துக்கு என் பெரியப்பாவின் பக்கங்களைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'நேற்று இரவு புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி போட முடியாதா? அந்தச் சில விநாடிகளில் மனிதனுக்கு வேறு வேலை கிடையாது, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எது? 1984இல் ஒரு சிரித்த முகத்தால் முடிந்தது, இத்தனை நிறமும் சிப்பும் வந்த பிறகு முடியாமல் போகுமா?

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திரையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. தபாலாபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுதுகிற அதே நிமிர்ந்த கையெழுத்து: 'படம் மாறினால் பயப்பட வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்கவும்.' கீழே தேதியும் கையெழுத்தும் இட்டிருந்தார்.

"யாருக்குப் பெரியப்பா இது?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். அவன் சொல்ல மாட்டேங்கறானே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.